முதலில் மாஸ்க், துப்பாக்கி அப்புறம்: பெயின்ட்பால் ஆடப் போகும் பிள்ளைகளுக்கு ஒரு பட்ஜெட்

(நம் குடியிருப்போர் நலச் சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். மின்னிதழுக்காகச் சற்றுச் சுருக்கியிருக்கிறேன். கடைசியில் வந்த கேள்விகளையும் சேர்த்திருக்கிறேன்.)



போன கூட்டத்தில் நம் பிள்ளைகள் சிலர், விடுமுறையில் எல்லோரும் சேர்ந்து பெயின்ட்பால் ஆடப் போகலாமா என்று கேட்டார்கள். பெரியவர்களில் பாதிப் பேர் “துப்பாக்கியா?” என்று பதறினார்கள். மீதிப் பாதிப் பேர் “எவ்வளவு ஆகும்?” என்று கேட்டார்கள். இரண்டுக்கும் பதில் சொல்லும்படி செயலாளர் என்னைக் கைகாட்டிவிட்டார். காரணம், போன குளிர்காலத்தில் ஆறு மாதம் நான் மகன் வீட்டில் இருந்தேன். அமெரிக்காவில் டெக்சஸ் மாநிலம், டல்லாஸ் பக்கத்தில் பிளேனோ. அங்கே என் பேரன், பதினான்கு வயது, இந்த விளையாட்டுக்குப் புதிதாகச் சாமான் வாங்கப் புறப்பட்டான். அவனிடம் பிறந்தநாள் பணமும் பக்கத்து வீட்டுப் புல் வெட்டிச் சேர்த்த பணமுமாக 200 டாலர் இருந்தது. “தாத்தாகிட்ட கணக்கைக் காட்டு. அவர் பாஸ் பண்ணினா வாங்கிக்கோ” என்று என் மகன் சொல்லிவிட்டான். வங்கியில் முப்பத்தெட்டு வருஷம் வவுச்சர் பார்த்தவனுக்கு ஓய்வுக்குப் பிறகு கிடைத்த முதல் பெரிய ஃபைல் அதுதான். நான் ஒரு குண்டுகூடச் சுட்டதில்லை. வேலிக்கு வெளியே ஃபிளாஸ்க்கும் கையுமாக உட்கார்ந்திருந்தவன், அவ்வளவுதான்.

விளையாட்டு என்ன என்று தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. இரண்டு அணி. காற்றழுத்தத்தில் இயங்கும் துப்பாக்கி. அதிலிருந்து, உள்ளே சாயம் நிரப்பிய உருண்டை பறந்து வரும். மேலே பட்டு உடைந்து சாயம் ஒட்டினால் நீங்கள் ஆட்டத்திலிருந்து வெளியே. எதிரணியின் கொடியை எடுத்து வருவது ஒரு வகை, எல்லோரையும் வெளியேற்றுவது இன்னொரு வகை.

இது ராணுவத்திலிருந்து வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். வந்தது காட்டிலாகாவிலிருந்தும் மாட்டுப் பண்ணையிலிருந்தும். வெட்ட வேண்டிய மரத்துக்கும் பிரிக்க வேண்டிய மாட்டுக்கும் தூர நின்று அடையாளம் போட நெல்சன் என்ற பெயின்ட் கம்பெனி விற்ற கருவி அது. அதற்கு நெல்ஸ்பாட் 007 என்று பெயர். அதனால்தான் ஆட்டக்காரர்கள் இன்றைக்கும் அதைத் துப்பாக்கி என்று சொல்லாமல் ‘மார்க்கர்’ என்கிறார்கள். 1981 ஜூன் 27 அன்று நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் ஹெனிக்கர் என்ற ஊரில் 12 பேர் அதை வைத்துக்கொண்டு காட்டில் முதல் ஆட்டம் ஆடினார்கள். ஜெயித்தவர் ரிச்சி ஒயிட் என்பவர், காட்டு வேலை தெரிந்தவர். அவர் ஒரு குண்டுகூடச் சுடாமல் எல்லாக் கொடிகளையும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். பேரனிடம் இதைச் சொன்னபோது, “தாத்தா, அப்ப எனக்குத் துப்பாக்கியே வேண்டாம்னு சொல்ல வரீங்களா?” என்றான். கெட்டிக்காரப் பையன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கடையில் அவன் கண் போனது ஒரு பெரிய அட்டைப் பெட்டியில். துப்பாக்கி, கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர், குண்டு போடும் ஹாப்பர், மாஸ்க் எல்லாம் ஒன்றாக 170 டாலர். அந்த ஊரில் விலைச்சீட்டில் வரி சேர்ந்திருக்காது. பில் போடும்போது எட்டேகால் சதவீதம் ஏறும். ஆக 184. கையில் மிச்சம் 16 டாலர். அதை வைத்துக்கொண்டு மைதானத்து வாசலைக்கூடத் தாண்ட முடியாது. நாங்கள் போன இடத்தில் நுழைவும் நாள் முழுக்கக் காற்று நிரப்பிக்கொள்வதும் சேர்த்து 20, வாடகைத் துப்பாக்கியும் மாஸ்க்கும் 15, ஐந்நூறு குண்டு 30. மொத்தம் 65. புதிதாக ஆடுகிற பையனுக்கு ஐந்நூறு குண்டு ஒரு நாளைக்குச் சரியாக இருக்கும். கை ஓயாமல் சுடுகிறவனுக்கு மத்தியானத்துக்குள் தீர்ந்துவிடும்.

பி.காம் படித்தவர்களுக்கு முதல் வருஷத்திலேயே சொல்லிக்கொடுப்பது முதலினச் செலவு, வருவாயினச் செலவு என்ற பிரிவு. துப்பாக்கி முதலினச் செலவு, ஒரு தடவை. குண்டும் காற்றும் நுழைவுக் கட்டணமும் வருவாயினச் செலவு, போகிற ஒவ்வொரு தடவையும். வண்டிக் கடன் கேட்டு வருகிற பையன்கள் இ.எம்.ஐ. எவ்வளவு என்று துல்லியமாகச் சொல்வார்கள். பெட்ரோலுக்கு எவ்வளவு என்று கேட்டால் முழிப்பார்கள். பெயின்ட்பாலில் பெட்ரோல்தான் பெரிய செலவு. இதில் இன்னொரு பூட்டும் இருக்கிறது. வெளிக் கடையில் இரண்டாயிரம் குண்டுப் பெட்டி மலிவாகக் கிடைக்கும். ஆனால் பல மைதானங்களில் அங்கே விற்கும் குண்டைத்தான் போட வேண்டும், வெளியிலிருந்து கொண்டுவரக் கூடாது. சினிமா தியேட்டரில் பாப்கார்ன் மாதிரி. அந்த விதியை முன்கூட்டியே கேட்காமல் பெட்டி வாங்கி வைத்தால், அது வீட்டு மூலையில் ஈரம் இழுத்து ஊதிப் போகும். குண்டின் மேல்தோல் ஜெலட்டின், நாம் விழுங்குகிற மாத்திரைக் கூடு மாதிரி. வெயிலில் காருக்குள் விட்டால் உருண்டை வடிவமே மாறிவிடும். வடிவம் மாறிய குண்டு நேராகப் போகாது, சில சமயம் குழலுக்குள்ளேயே உடையும்.

சரி, சொந்தமாக வாங்கினால் எத்தனை நாளில் லாபம் என்று பேரனை உட்காரவைத்து எழுதச் சொன்னேன். ஆரம்ப நிலைத் துப்பாக்கி, டிப்மேன் கம்பெனியின் சாதாரண மாடல் போல, 110 டாலர். காற்று டேங்க் 55. சாதா ஹாப்பர் 8. குழலுக்கு மேல் மாட்டும் உறை 5. குழல் துடைக்கும் கோல் 7. ஆக 185. ஒரு தடவை போனால் மிச்சமாவது வாடகை 15 மட்டும்தான். 185-ஐ 15-ஆல் வகுத்தால், பதிமூன்றாவது தடவை போகும்போதுதான் போட்ட பணம் திரும்பும். மாதம் ஒரு தடவை என்றால் ஒரு வருஷத்துக்கு மேல். அதற்குள் பையனுக்கு விளையாட்டு மாறலாம், அல்லது பன்னிரண்டாம் வகுப்பு வரலாம். இடையில் ரப்பர் வளையம் தேய்ந்தால் மாற்றுவது, எண்ணெய் விடுவது, ஆட்டம் முடிந்து கழற்றித் துடைப்பது எல்லாம் நம் தலையில். வாடகைத் துப்பாக்கிக்கு அந்தத் தலைவலி மைதானக்காரருடையது. அவர்கள் வைத்திருப்பதும் மோசமான சாமான் இல்லை. தினமும் பத்துப் பேர் கையில் அடிபட்டும் ஓடுகிற மாதிரி கனமாகச் செய்தவை.

அவன் முகம் வாடிவிட்டது. “அப்ப ஒண்ணுமே வாங்க வேண்டாமா தாத்தா?” என்றான்.

வாங்கு, ஆனால் மாஸ்க் வாங்கு என்றேன். அதை நான் காசுக் கணக்கில் சொல்லவில்லை. சொந்த மாஸ்க் இருந்தாலும் வாடகையில் அவர்கள் ஒரு டாலர்கூடக் குறைக்கவில்லை. கணக்குப் புத்தகத்தில் அது வெறும் செலவு.

குண்டின் குறுக்களவு 0.68 அங்குலம், அதாவது 17 மில்லிமீட்டர் சொச்சம். நாம் சின்ன வயதில் ஆடிய கோலிக்குண்டு அளவு. எடை சுமார் மூன்று கிராம். இந்த விளையாட்டில் வேக வரம்பு நொடிக்கு 300 அடி. பல மைதானங்கள் இன்னும் குறைத்து 280 என்று வைக்கின்றன. அப்படிக் குறைத்தாலும் மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் வருகிறது. முதுகில் பட்டால் ஒரு ரூபாய் நாணயம் அளவு கன்றிப்போகும், ஒரு வாரத்தில் மறைந்துவிடும். கண்ணில் பட்டால் அப்படி இல்லை. கிரிக்கெட் பந்து கண் குழியைவிடப் பெரியது. பட்டால் புருவ எலும்பும் கன்ன எலும்பும் அடியில் ஒரு பகுதியைத் தாங்கிக்கொள்ளும். பெயின்ட் குண்டு கண் குழியைவிடச் சிறியது. எலும்புக்கு நடுவே புகுந்து நேராகக் கருவிழியில் மோதும். பார்வை போய்விடலாம். இந்த விளையாட்டில் நிஜமாகப் பயப்பட வேண்டியது இது ஒன்றுதான். இதற்குக் காப்பும் ஒன்றுதான், மாஸ்க்.

எல்லா மைதானத்திலும்தான் மாஸ்க் கொடுக்கிறார்களே என்பீர்கள். நானும் முதல் நாள் அப்படித்தான் கேட்டேன். வேலி ஓரத்தில் உட்கார்ந்து பார்த்தபோது பதில் கிடைத்தது. ஓடி ஓடி மூச்சு வாங்குகிறவனின் மாஸ்க்குக்குள் ஆவி படிகிறது. குளிர்காலக் காலையில் வெளியே ஜில்லென்று, உள்ளே வெப்பம். சூடான காபி டம்ளர் மேல் மூக்குக் கண்ணாடி போட்டுக் குனிந்தவர்களுக்குத் தெரியும். ஒற்றைத் தகடு லென்ஸ் போட்ட மலிவு மாஸ்க்கில் ஐந்து நிமிஷத்தில் எதிரே எதுவும் தெரியாது. தெரியாதபோது கை தானாக மாஸ்க்கைத் தூக்கும். ஒரு வாலிபர், பார்த்தால் இருபத்தைந்து வயதிருக்கும், தடுப்புக்குப் பின்னால் குனிந்து மாஸ்க்கை நெற்றிக்கு ஏற்றிவிட்டுச் சட்டை நுனியால் துடைக்க ஆரம்பித்தார். நடுவர் கத்திய கத்தலில் வெளியே இருந்த நான் எழுந்து நின்றுவிட்டேன். விசில், ஆட்டம் முழுக்க நிறுத்தம், எல்லோரும் துப்பாக்கியைத் தரைக்குத் தாழ்த்தியாக வேண்டும். நல்லவேளை, யாரும் சுடவில்லை. அவரை அன்றைக்கு மறுபடி உள்ளே விடவில்லை. கண்ணில் அடிபட்டவர்கள் பெரும்பாலும் மாஸ்க் போடாதவர்கள் அல்லது ஆட்டத்தின் நடுவில் கழற்றியவர்கள். மாஸ்க் உடைந்து அடிபடுவது அபூர்வம்.

என் பேரன் மூக்குக் கண்ணாடி போடுகிறவன். அவனுக்கு ஆவி இரண்டு மடங்கு, கண்ணாடியில் ஒன்று, லென்ஸில் ஒன்று. அதனால் தெர்மல் லென்ஸ் என்று சொல்கிற இரட்டைத் தகடு மாஸ்க் எடுத்தோம். இரண்டு தகட்டுக்கு நடுவே மெல்லிய காற்று இடைவெளி இருக்கும், உள்தகடு குளிராது, ஆவி படிவது வெகுவாகக் குறையும். 60 டாலர், வரியோடு 65. அவனுடைய 200-இல் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. மிச்சம் 135-இல் இரண்டு தடவை போய் வாடகைத் துப்பாக்கியில் வயிறார ஆடினான். அந்தப் பெட்டியை வாங்கியிருந்தால் பெட்டியோடு வீட்டில் உட்கார்ந்திருப்பான்.

மாஸ்க் எடுக்கும்போது அவனோடு நின்று பார்த்ததைச் சொல்லிவிடுகிறேன். ஏ.எஸ்.டி.எம். எஃப்1776 என்று அதில் அச்சிட்டிருக்க வேண்டும். பெயின்ட்பால் கண் காப்புக்கான அமெரிக்கத் தரக் குறியீடு அது. மூக்குக் கண்ணாடி போடுகிறவர் அதைப் போட்டபடியே மாஸ்க்கை மாட்டிப் பார்க்க வேண்டும். சில மாஸ்க்குகள் கண்ணாடிக் காலைப் பக்கவாட்டில் அழுத்தித் தலைவலி கொடுக்கும். குனிந்து தலையை உதறினால் நழுவக் கூடாது. காதும் தாடையும் மூடியிருக்க வேண்டும். கம்பி வலை போட்ட மாஸ்க் ஒன்று மலிவாக இருந்தது, அது வேறு விளையாட்டுக்கானது. வலை வழியாகச் சாயமும் ஓட்டுத் துணுக்கும் கண்ணுக்குள் போகும். பைக் ஹெல்மெட், நீச்சல் கண்ணாடி, பட்டறையில் போடுகிற கண்ணாடி எதுவும் இதற்கு ஆகாது.

வீட்டுக்கு வந்தபின் பராமரிப்பு சுலபம்தான். மெல்லிய துணியை நனைத்துத் துடைத்தால் போதும். ஜன்னல் கண்ணாடி துடைக்கிற திரவத்தை அடித்தால் பிளாஸ்டிக் பலவீனப்படும். இரட்டைத் தகடு லென்ஸைக் குழாயில் காட்டினாலோ வாளியில் முக்கினாலோ நடுவில் தண்ணீர் புகுந்து லென்ஸ் வீண். கீறலோ விரிசலோ கண்டால் லென்ஸை மட்டும் மாற்றலாம். இதனால்தான் பழைய மாஸ்க் வாங்கினால் புது லென்ஸ் போட்டுத்தான் ஆட வேண்டும் என்பது. முந்தைய சொந்தக்காரர் அதில் எத்தனை அடி வாங்கினாரோ யாருக்குத் தெரியும்.

பழைய துப்பாக்கி வேறு கதை. ஒருவேளை பையன் ஒரு வருஷம் தொடர்ந்து ஆடி, வாங்கியே ஆக வேண்டும் என்றால் பழையது வாங்குவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. அதற்கும் தேய்மானக் கணக்குத்தான்; முதல் வருஷத்தில்தான் விலை அதிகமாக இறங்கும், அதை வேறொருவர் சுமந்துகொள்ளட்டும். காற்றை மாட்டிச் சுட்டுக் காட்டச் சொல்லுங்கள், எங்காவது உஸ் என்று கசிகிறதா என்று கேளுங்கள். டேங்க் பழையதாக இருந்தால் கழுத்தில் பொறித்திருக்கும் தேதியைப் படியுங்கள். அழுத்தப்பட்ட காற்று டேங்கை ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை சோதனைக்கு அனுப்ப வேண்டும், தேதி கடந்திருந்தால் மைதானத்தில் நிரப்ப மாட்டார்கள். மலிவு டேங்க் என்று வாங்கிச் சோதனைக்கு அதே அளவு அழ வேண்டி வரும்.

கார்பன் டை ஆக்சைடா, காற்றா என்று கேட்டால், காற்று. கார்பன் டை ஆக்சைடு சிலிண்டருக்குள் திரவமாக இருந்து ஆவியாகி வருவது, அதனால் அதன் அழுத்தம் வெப்பநிலையோடு ஏறி இறங்கும். டெக்சஸில்கூட ஜனவரிக் காலையில் குண்டு பாதி வழியில் விழுந்ததைப் பார்த்தேன். துப்பாக்கி வாங்கியதும் வேகமான மின்சார ஹாப்பர், நீளமான குழல், இடுப்பில் கட்டும் பை என்று கடைக்காரர் அடுக்குவார். நிமிஷத்துக்கு அதிகக் குண்டு போகச் செய்வதற்குத்தான் பாதிச் சாமான். அதாவது வருவாயினச் செலவை ஏற்றுவதற்கு. கையால் ஒவ்வொரு தடவையும் இழுத்துச் சுடும் பம்ப் துப்பாக்கி என்று ஒன்று உண்டு. அது வைத்திருந்த ஒரு பெரியவர், ஏறக்குறைய என் வயது, நாள் முழுக்க இருநூறு குண்டில் ஆடி முடித்தார். அவர்மேல் எனக்கு ஒரு தனி மரியாதை வந்தது.

உடைக்குக் காசு செலவழிக்காதீர்கள். தொளதொளவென்று முழுக்கைப் பழைய சட்டை, பழைய பேன்ட், கணுக்காலை மூடும் ஷூ, ஒரு ஜோடி கையுறை. இறுக்கமான சட்டையில்தான் வலி அதிகம்.

நம் பிள்ளைகள் போகப் போவது வாடகைக்குத்தான். இங்கே பெரும்பாலும் ரிசார்ட்டுகளிலும் கேளிக்கை இடங்களிலும் இத்தனை குண்டுக்கு இத்தனை ரூபாய் என்று பேசிக்கொள்கிறார்கள். எனவே வாங்குகிற கேள்வியே இல்லை, பார்க்கிற கேள்விதான். முன்பணம் கட்டுமுன் சங்கத்திலிருந்து இருவர் நேரில் போய்ப் பார்க்கட்டும். கேட்க வேண்டியது சலுகை விலையைப் பற்றி இல்லை. மாஸ்க்கைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கீறல் விழுந்து மங்கியிருந்தால், பின்பட்டை எலாஸ்டிக் தொங்கினால், வேறு இடம் தேடுங்கள். குண்டின் வேகத்தை அளக்கும் கருவி இருக்கிறதா, காலையில் அளக்கிறார்களா என்று கேளுங்கள். ஆடுகிற இடத்துக்கும் உட்கார்ந்திருக்கிற இடத்துக்கும் நடுவில் வலை இருக்க வேண்டும். மாஸ்க் கழற்றும் இடத்துக்கு வருமுன் குழலுக்கு உறை மாட்ட வைக்கிறார்களா என்றும் பாருங்கள். கையெழுத்துக்கு ஒரு படிவம் நீட்டுவார்கள். அங்கே நான் முழுவதையும் படித்துவிட்டுத்தான் மகனிடம் கொடுத்தேன், பின்னால் வரிசை நின்றுவிட்டது. நின்றால் நிற்கட்டும்.

இனி கேள்விகள்.

பி பிளாக் அம்மா ஒருவர், பத்து வயதுப் பெண் போகலாமா என்று கேட்டார்கள். சின்னப் பிள்ளைகளுக்கென்று 0.50 அங்குலச் சிறு குண்டும் மெதுவான துப்பாக்கியும் தனியாக உண்டு. போகிற இடத்தில் அது இருந்தால், சின்னவர்கள் தனி ஆட்டமாக ஆடினால், போகலாம். பெரிய பையன்களோடு கலந்து ஆட வேண்டுமென்றால் நான் அனுப்ப மாட்டேன். மாஸ்க் அவள் முகத்துக்குப் பொருந்துகிறதா என்று நீங்களே மாட்டிப் பாருங்கள், பெரியவர்கள் மாஸ்க் சின்ன முகத்தில் தொங்கும்.

சாயம் துணியில் போகுமா என்று கேட்டார்கள். ஆரம்ப காலத்தில் மரத்துக்குப் பூசுகிற எண்ணெய்ச் சாயம், டர்பன்டைன் போட்டுத் துடைப்பார்கள். இப்போது வருவது தண்ணீரில் கரையும். அன்றைக்கே அலசிப் போடுங்கள்.

மிச்சக் குண்டை வீட்டுக்குக் கொண்டுவரலாமா என்று முன் வரிசையிலிருந்து ஒரு கேள்வி. வேண்டாம், தம்பி. உள்ளே இருப்பது பெரும்பாலும் பாலிஎத்திலீன் கிளைகால், இனிப்பாக இருக்கும். நாய்கள் தேடித் தின்னும். நிறையத் தின்றால் உடம்பின் நீர் குடலுக்குள் இழுக்கப்பட்டு, ரத்தத்தில் உப்பு ஏறி, வலிப்புவரை போகும். கால்நடை மருத்துவர்களுக்குத் தெரிந்த விஷயம். நம் வளாகத்தில் சி பிளாக் படிக்கட்டில் படுத்திருப்பவர் எதைக் கண்டாலும் தின்பார் என்பது உங்களுக்கே தெரியும். மிச்சமிருந்தால் அங்கேயே கொடுத்துவிட்டு வாருங்கள்.